வளர்த்துத் திருப்பிக் கொடுத்த பிள்ளைகள்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், தற்காலிக வளர்ப்புப் பெற்றோராக இருந்துவரும் நம் பங்கின் தம்பதியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். பங்குத் தந்தை அவர்கள், "நீங்கள் உபதேசம் எதுவும் செய்ய வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், போதும்" என்று கேட்டுக்கொண்டதால் துணிந்து வந்திருக்கிறோம். எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்விழா மலரில் வெளியிட ஒவ்வொரு குடும்பத்திலும் படம் கேட்டு வாங்கினார்கள். நாங்களும் கொடுத்தோம். அதில் நாங்கள் இருவரும் எங்கள் மகனும் மகளும் ஆக நால்வர் இருப்போம். ஆனால் 2017-ஆம் ஆண்டு முதல் எங்கள் வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தவர்கள் இன்னும் நால்வர் உண்டு. அவர்கள் அந்தப் படத்தில் இல்லை. அவர்கள் படத்தையோ பெயரையோ வெளியிடச் சட்டம் இடம் தராது. சட்டம் இடம் தந்தாலும் நாங்கள் செய்ய மாட்டோம். ஒரு பிள்ளை தன் வாழ்க்கையின் மிகவும் கஷ்டமான நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை ஊர் அறியச் செய்ய எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே இன்று சொல்லப்போவதிலும், யார் என்று கண்டுகொள்ளக்கூடிய விவரங்களை மாற்றியே சொல்லுகிறோம்.

தத்து வேறு, வளர்ப்பு வேறு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். "பிள்ளையைத் தத்து எடுத்தீர்களாமே, பிறகு ஏன் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்?" என்று பலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் தத்து எடுக்கவில்லை. தத்து என்றால் அந்தப் பிள்ளை சட்டப்படி நம் பிள்ளையாகிவிடும். பெயரும் சொத்தும் உறவும் நம்முடையவை. வளர்ப்புப் பராமரிப்பு என்பது அப்படியல்ல. பெற்றவர் நோயிலோ சிறையிலோ வேறு பெருந்துன்பத்திலோ அகப்பட்டுப் பிள்ளையைப் பார்க்க இயலாத காலத்தில், வேறொரு குடும்பம் அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது. பெற்றவர் எழுந்து நிற்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுப்பதற்காகவே வளர்ப்பது என்று சொன்னாலும் தவறில்லை.

இதற்கு நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்திருக்கிறது. அச்சட்டத்தின் 44-ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றியது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று உண்டு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் எவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். நாமாக ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டுக்கு உட்பட்டது குறுகிய காலப் பராமரிப்பு. அதற்கு மேற்பட்டது நீண்ட காலப் பராமரிப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குறுகிய காலத்துக்கு வந்தவர்களே.

பெயர்தான் புதிது; காரியம் நமக்குப் புதிதல்ல. பஞ்ச காலத்திலும் பிரசவ காலத்திலும் பிள்ளைகளைப் பாட்டி வீட்டிலும் சித்தி வீட்டிலும் விட்டு வளர்த்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! "நான் என் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன்" என்று சொல்லும் பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். பெரியம்மா இல்லாத பிள்ளைக்கு ஒரு பெரியம்மாவைத் தேடிக் கொடுப்பதுதான் இந்தச் சட்டத்தின் வேலை.

எப்படித் தொடங்கியது?

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு பிள்ளைகள் இல்லத்துக்குப் போய் கேக்கும் புத்தாடையும் கொடுத்துவிட்டு வருவோம். கொடுத்த திருப்தியோடு வீடு திரும்புவோம். ஒரு முறை கிறிஸ்துமஸுக்கு அல்லாமல் மே மாதத்தில் வேறொரு வேலையாகப் போனோம். விடுமுறையானதால் இல்லம் வெறிச்சென்று கிடந்தது. பெரும்பாலான பிள்ளைகளை உறவினர் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். அழைத்துப்போக ஆளில்லாத ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். வந்தது நாங்கள் என்று கண்டதும் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் காட்சி வீட்டுக்கு வந்த பின்பும் எங்களை விடவில்லை.

அங்கிருந்த சகோதரிதான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். விண்ணப்பித்தோம். வருமானம், உடல்நலச் சான்று, காவல்துறை விசாரணை எல்லாம் முறைப்படி நடந்தன. சமூகப் பணியாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். எங்களோடு பேசியதைவிட எங்கள் பிள்ளைகளோடு அதிகம் பேசினார். மகனுக்கு அப்போது 14 வயது, மகளுக்கு 11. "உன் அறையையும் உன் அம்மாவையும் இன்னொரு பிள்ளைக்குப் பங்கு கொடுப்பாயா?" என்று மகளிடம் கேட்டார். "அறையைக் கொடுப்பேன், அம்மாவைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்" என்றாள் அவள். உண்மையான பதில் என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார்.

முதல் பிள்ளை

2017 ஜூலையில் முதல் பிள்ளை வந்தாள். வயது 7. தந்தை இல்லை. தாய்க்குக் காசநோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பிள்ளையைப் பரிசோதித்து அவளுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு துணிப்பை, அதில் இரண்டு கவுன், ஒரு சிலேட்டு, தாயின் பழைய நூல் புடவையில் கிழித்த ஒரு துண்டு. அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

முதல் வாரத்தில் நாங்கள் இரண்டு தவறுகள் செய்தோம். அவற்றைச் சொல்லவேண்டும்; ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்த தவறுகள் அவை.

முதல் தவறு, அவளை "அம்மா" என்று கூப்பிடச் சொன்னது. பிள்ளை ஏங்கிவிடக் கூடாதே என்று சொன்னோம். அவளோ எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமல், தண்ணீர் வேண்டுமானாலும் அருகில் வந்து நின்று சேலையை இழுப்பாள். நான்கு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமூகப் பணியாளர் வந்தபோது, "அவளுக்கு அம்மா இருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நீங்கள் அந்த இடத்தைக் கேட்டால், அந்த அம்மா செத்துப்போய்விட்டார் என்றுதானே பிள்ளை நினைக்கும்?" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று முதல் "பெரியம்மா", "பெரியப்பா" என்றானோம். நம் தமிழ் முறையில் அது எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள்! அந்த ஒரு சொல்லில் அம்மாவும் இருக்கிறாள். அதே சமயம் பெற்ற அம்மாவின் இடமும் அப்படியே இருக்கிறது. பெரியம்மா என்று சொல்ல ஆரம்பித்த அன்றைக்கே அவள் பேச ஆரம்பித்தாள்.

இரண்டாவது தவறு, அந்தப் புடவைத் துண்டைத் துவைத்துப் போட்டது. இரவெல்லாம் அதை முகத்தோடு வைத்துக்கொண்டு தூங்குவாள். அழுக்கேறி இருந்தது, நோய் வீட்டுத் துணி என்ற பயமும் எங்களுக்கு இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வெந்நீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்து, காயவைத்து, மடித்து அவள் தலையணையில் வைத்தோம். மாலையில் வந்தவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். திருப்பித் திருப்பி முகர்ந்தாள். பிறகு அதைத் தரையில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளிடம் மிச்சமிருந்த தாயின் வாசனையை நாங்கள் சோப்புப் போட்டுப் போக்கிவிட்டோம்.

மருத்துவரிடம் கேட்டோம். காசநோய் காற்றின் வழியாகப் பரவுவதே தவிர, துணியாலும் பாத்திரத்தாலும் பரவுவதில்லை என்று விளக்கினார். இதைத் துவைக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். அடுத்த சந்திப்பில் தாயிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். அதை நாங்கள் 11 மாதமும் துவைக்கவில்லை.

இன்னொன்றும் கண்டோம். தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டு, கடலை, சில சமயம் சோற்று உருண்டைகூட இருக்கும். எறும்பு மொய்த்த பிறகுதான் தெரிந்தது. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பழகிய பிள்ளை அப்படித்தான் செய்யும். திட்டவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவில் பொரிகடலையும் வெல்லமும் போட்டு, "இது உன்னுடையது, குறையக் குறைய நிரப்புவோம்" என்று அவள் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்தோம். தலையணைக்குள் உணவு வைப்பது நிற்க மூன்று மாதம் ஆயிற்று.

ஊரார் கேட்ட கேள்விகள்

பொன்விழா மேடையில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தோம். சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்தப் பிள்ளை வந்தபோது எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "சாப்பிட்டாளா? தூங்கினாளா?" என்பதல்ல. "என்ன சாதி?" என்பதுதான். கேட்டவர்கள் வேறு யாருமல்ல, நம்மவர்களே. ஒரே திவ்விய நற்கருணையை நாவில் வாங்குகிறவர்களே. "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவந்தோம். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்துக் காதுபட ஒருவர் அப்படிக் கேட்டபோது, எங்கள் மகள், "அவள் எங்க வீட்டு ஆளு" என்று சொல்லி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைப் பங்கு கொடுப்பது பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றாளே, அந்தக் கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னாள்.

இரண்டாவது கேள்வி, "ஞானஸ்நானம் கொடுத்துவிட்டீர்களா?" என்பது. அன்போடு கேட்டார்கள்; அதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. ஆனால் அவள் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. தாய் உயிரோடு இருக்கிறார். தம் மகளை நம்பி நம்மிடம் விட்டிருக்கிறார். அவர் படுக்கையில் கிடக்கும்போது பிள்ளையின் மதத்தை மாற்றினால் அது நம்பிக்கைத் துரோகம் அல்லவா? நமது திருச்சபையின் 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும் என்று 868-ஆம் சட்டத்தில் கூறுகிறது. நாங்கள் மாலையில் செபமாலை சொல்லும்போது அவள் எங்களோடு உட்கார விரும்பினால் உட்காருவாள். தூக்கம் வந்தால் தூங்குவாள். கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்க வேண்டும் என்று கேட்டாள்; அகல் வாங்கிக் கொடுத்தோம். இதனால் எங்கள் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

தாயும் பெரியம்மாவும்

மாதம் இருமுறை தாயைப் பார்க்கக் கூட்டிப்போவோம். பெற்றோர் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்குக் கேடு என்று குழு கருதினால்தான் அதைத் தடுக்கலாம். மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில், திறந்த வெளியில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆரம்பத்தில் அந்தத் தாய் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். "பிள்ளை சதை போட்டிருக்கிறாள்" என்று நாங்கள் சந்தோஷமாகச் சொன்னால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். நம்மால் முடியாததை இவர்கள் செய்துவிட்டார்கள் என்று அவர் வெட்கப்படுகிறார் என்பது மிகவும் பிந்தித்தான் எங்களுக்குப் புரிந்தது. பிறகு பேச்சை மாற்றிக்கொண்டோம். "இவளுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்? தலைக்கு எண்ணெய் வைத்தால் சளி பிடிக்கிறதே, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் கேட்க ஆரம்பித்தோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, அவளுக்குச் சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சின எண்ணெய்தான் ஒத்துக்கும்" என்றார். அன்று முதல்தான் நாங்கள் அவருக்கு அக்காவானோம்.

எங்கள் மனத்தில் பொறாமையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆறு மாதத்தில் முடியும் என்ற மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் நீண்டபோது, ஐயோ பாவம் என்று வாய் சொல்லிற்று. இன்னும் சில மாதம் பிள்ளை நம்மோடு இருப்பாளே என்று மனம் சொல்லிற்று. அந்த எண்ணத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழவேண்டியதாயிற்று. வளர்க்கிறவருக்கு வரும் பெரிய சோதனை இதுதான். பிள்ளையின் மேல் வைத்த அன்பு மெல்ல மெல்ல, தாயின் மேல் வஞ்சமாக மாறப் பார்க்கும்.

2018 ஜூனில் தாய் குணமாகி வந்தார். நலக்குழு அவருக்கு ஒரு வேலைக்கும், பிள்ளையின் படிப்புக்கு உதவித் தொகைக்கும் வழி செய்தபின் ஆணை பிறப்பித்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். அவளுக்கும் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுத்திருந்தோம். போகும்போது அதை எடுத்துப்போகச் சொன்னோம். "இங்கேயே இருக்கட்டும் பெரியம்மா, யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றாள். பஸ் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் தாயின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அப்படித் திரும்பிப் பாராமல் போனதுதான் நாங்கள் ஒழுங்காக வளர்த்தோம் என்பதற்கு அடையாளம் என்று சமூகப் பணியாளர் சொன்னார். அன்றைக்கு அந்த வார்த்தை எங்களுக்குக் கசந்தது. இப்போது அதை நம்புகிறோம்.

தோற்றுப்போனதும் உண்டு

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2019 ஜூனில் 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். தாய் இறந்துவிட்டார், தந்தை சிறையில். முதல் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் அலமாரியிலிருந்த அந்தத் தட்டைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டான். "உனக்கு முன் இங்கே இருந்தவள், அம்மாவிடம் போய்விட்டாள்" என்றோம். "நான் யாருகிட்ட போவேன்?" என்றான். எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனான். ஒரு முறை நள்ளிரவில் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தோம். வீட்டில் பணம் காணாமல் போனது. ஒருநாள் எங்களில் ஒருவர் கோபம் தாங்காமல் அவனை அறைந்துவிட்டார். அடிபட்டு அடிபட்டே வளர்ந்த பிள்ளையை, அடி இல்லாத இடம் என்று நம்பி வந்த வீட்டில் அடித்துவிட்டோம். மறுநாளே நாங்களாகப் போய் அதிகாரியிடம் சொன்னோம். அவனிடமும் மன்னிப்புக் கேட்டோம். ஐந்து மாதம் கழித்து, தன் நண்பர்கள் இருக்கும் இல்லத்துக்கே திரும்பிப் போகிறேன் என்று அவன் குழுவின் முன் சொன்னான். அவன் விருப்பப்படி அனுப்பினார்கள். நாங்கள் தோற்றுத்தான் போனோம். ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனை அழைத்தோம். சில ஆண்டு வந்தான், சில ஆண்டு வரவில்லை. 2024-இல் 18 வயது நிறைந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை படிக்கச் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் எங்கள் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தான். எங்களிடம் கேட்கவில்லை, கல்லூரியிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. "நான் யாருகிட்ட போவேன்" என்று கேட்டானே, அவனாகவே ஒரு பதில் எழுதிக்கொண்டான் போலும்.

அதற்குப் பின் 2022-இல் ஒரு அண்ணனும் தங்கையும் நான்கு மாதம் இருந்தார்கள். வளர்த்த பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்த காலம் அது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க எல்லா முயற்சியும் செய்யவேண்டும் என்பது சட்டம். இருவரும் இருந்ததால் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தார்கள். எங்களுக்கும் பாரம் பாதியாயிற்று.

இல்லம் இருக்கும்போது வீடு எதற்கு?

நம் சகோதரிகள் நடத்தும் இல்லங்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். அன்னை தெரேசா 1955-ஆம் ஆண்டு கல்கத்தாவில் குழந்தைகள் இல்லம் தொடங்கியபோது, குப்பையில் கிடந்த சிசுக்களுக்கு வேறு கதியே இல்லை. இல்லங்கள் வேண்டும். ஆனால் ஒரு சகோதரி எவ்வளவு அன்பாக இருந்தாலும் முப்பது பிள்ளைகளுக்கு முப்பது மடி தர முடியாது. ருமேனியா நாட்டின் புகாரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களிடம் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டி உறவாடும் தன்மையும் மேம்பட்டிருந்தன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நன்மை இன்னும் கூடுதல். நம் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்க வேண்டும் என்கிறது.

அதைவிட முதன்மையானது ஒன்றுண்டு. வறுமை ஒன்றுக்காக எந்தப் பிள்ளையையும் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அரிசியும் வாடகையும் கிடைத்தால் பிள்ளையைத் தானே வைத்துக்கொள்ளக் கூடிய தாய்க்கு, அரிசியும் வாடகையும் கொடுப்பதே தருமம். அவளிடமிருந்து பிள்ளையை வாங்கி வளர்த்து நாம் நல்ல பெயர் எடுப்பது தருமமாகாது.

முன்வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

முதலாவதாக, கணவன் மனைவி இருவரும் மனமொத்து வரவேண்டும். சொந்தப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டு நெறிகளின்படி, மணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும்கூட விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண் எந்தப் பிள்ளையையும், தனியாக வாழும் ஆண் ஆண்பிள்ளையை மட்டும் வளர்க்கலாம்.

இரண்டாவதாக, பணத்தை எண்ணி வரக்கூடாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித் தொகை வகுத்திருக்கிறார்கள். அது பிள்ளையின் செலவுக்கு. நம் வருமானத்துக்கு அல்ல.

மூன்றாவதாக, தத்துக்கு இது குறுக்கு வழி என்று எண்ணி வரக்கூடாது. தத்து வேண்டுவோர் அதற்குரிய வழியிலேயே போகட்டும். திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர் இதில் இறங்கினால் பிள்ளைக்கும் துன்பம், தமக்கும் துன்பம்.

நான்காவதாக, மாதாமாதம் வீட்டைப் பார்வையிட வருவார்கள். அதைச் சந்தேகம் என்று கொள்ளாமல் துணை என்று கொள்ளுங்கள். எங்கள் தவறுகளை நாங்கள் திருத்திக்கொண்டது அந்த வருகைகளால்தான்.

எல்லோராலும் பிள்ளையை வீட்டில் வைக்க இயலாது; அது குற்றமல்ல. ஆனால் அக்கம் பக்கத்தில் இருப்பவர்கள் உதவலாம். எங்கள் பிள்ளை வந்த முதல் மாதத்தில், பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் இட்லிக்கு மாவு கொடுத்தனுப்பினார்; ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் எங்களோடு சேர்ந்து வளர்த்தவர்தான். பிள்ளையின் முன்னால் அதன் பெற்றோரைப் பற்றிக் கேட்காமலிருப்பதும் பெரிய உதவி. துன்பத்திலுள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம்.

நம் பாதுகாவலர் காட்டிய வழி

நமது கோவிலின் பாதுகாவலர் சூசையப்பர். 50 ஆண்டுகளாக மார்ச் 19-ஆம் தேதி அவருக்குத் திருவிழா எடுத்து வருகிறோம். இயேசுவை வளர்த்த தந்தை என்று நாள்தோறும் அவரை அழைத்துச் செபிக்கிறோம். தமக்குப் பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தார். அந்தப் பிள்ளைக்காக நடு இரவில் நாட்டை விட்டு எகிப்துக்கு ஓடினார். தச்சு வேலை செய்து சோறு போட்டார். பன்னிரண்டு வயதில் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடி, கோவிலில் கண்டபோது நடந்ததை லூக்காஸ் எழுதியிருக்கிறார். மாதா பேசும்போது சூசையப்பரைத் தந்தை என்று குறிப்பிடுகிறார். பிள்ளையோ வேறொரு தந்தையின் இல்லத்தைப் பற்றிப் பதில் சொல்லுகிறது. சூசையப்பர் என்ன சொன்னார்? சுவிசேஷத்தில் அவர் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பிள்ளையை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பினார். மறுபடி வேலைக்குப் போயிருப்பார். முன்பெல்லாம் அந்தப் பகுதியை வாசிக்கும்போது மாதாவின் துயரம் மட்டுமே எங்கள் கண்ணில் படும். ஒரு பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பேசாத மனிதரையும் கவனித்தோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைச் சூசையப்பர் ஆண்டாக அறிவித்தார்கள். நம் பங்கிலும் சிறப்பாகக் கொண்டாடினோம். புதிய சுரூபமும் வைத்தோம். சுரூபம் நல்லதுதான். ஆனால் இந்தப் பொன்விழா ஆண்டில், சூசையப்பர் செய்த வேலையைச் செய்ய நம் பங்கிலிருந்து இரண்டு குடும்பங்கள் முன்வந்தால், அவருக்கு அதைவிடப் பெரிய தேர் நாம் இழுக்க முடியாது. இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கணவன் மனைவி பேசிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் பரவாயில்லை. பேசிப் பார்த்து முடிவு செய்யுங்கள். விவரம் அறிய விரும்புவோர் எங்கள் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஆனால் அலமாரியில் மேல்தட்டில் இருக்கும் ஒரு தட்டில் மட்டும் பரிமாற மாட்டோம். அந்தத் தட்டுக்காரி ஒவ்வொரு திருவிழாவுக்கும் தன் தாயோடு வந்து அதிலேதான் சாப்பிடுகிறாள்.

சூசையப்பர் நம் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்வாராக.